கதவுக்கு ஒரு குறையும் இல்லை

பூட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் இரும்பைத் தவிர வேறு எதன்மீதும் நம்பிக்கை கிடையாது. அவர் வீட்டு வாசலுக்கு மூன்று பூட்டு. மூன்றாவது எதற்கு என்று கேட்டால், இரண்டாவதற்குக் காவல் என்பார். உள்ளே இருப்பது என்னவோ ஒரு பழைய டிவியும் ஆடுகிற மேஜையும்தான். திருடன் அத்தனை பூட்டையும் உடைத்து உள்ளே வந்தால், பரிதாபப்பட்டு அவனாக ஏதாவது வைத்துவிட்டுப் போவான். ஆனாலும் தெருவில் யாராவது சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டால் போதும், ஒரு வாரத்துக்குப் பேச அவருக்கு விஷயம் கிடைத்துவிடும். வங்கிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் பெட்டகக் கதவு மாட்டிக் கொடுத்து, வருஷா வருஷம் போய்ப் பழுது பார்த்துவிட்டு வருவது அவர் தொழில். ஆகவே ஜாக்கிரதை என்ற பாடத்தில் அந்தத் தெருவுக்கே அவர்தான் வாத்தியார்.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர் மனைவி தையல்காரம்மா லிஃப்டில் ஏறவே மாட்டாள், நடுவில் நின்றுபோனால் என்ன கதி என்று, போகிற இடம் ஆறு மாடியானாலும் படியேறி மூச்சுவாங்குவாள். ஆனால் ஈரக் கையோடு சுவிட்சைத் தட்டுவாள். அவள் தம்பி பழைய வேன்களை வாங்கி, சரிசெய்து விற்கிறவன். பெட்ரோல் டின்னுக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பான். ஆனால் கடைப் பாலில் கலப்படமாம், கறுப்புக் காப்பிதான் குடிப்பான். மாடி வீட்டுக் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர், காய்கறியை மூன்று தண்ணீரில் உப்புப் போட்டுக் கழுவுவார். ஒருமுறை போனில் யாரோ மரியாதையாகப் பேசினான் என்று வங்கி அட்டையின் நம்பரைப் பின்பக்கத்து நம்பரோடு சேர்த்து ஒப்பித்துவிட்டார். இவர்கள் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

தையல்காரம்மாவுக்கு அந்த வருஷம் ஒரே ஒரு கவலைதான். தெரு முனையில் அவள் வாடகைக்கு வைத்திருந்த கடையை உரிமையாளர் விற்கப் போகிறார். இரண்டு மிஷின், துணி வெட்ட ஒரு மேஜை, போட்டுப் பார்க்கத் திரை மறைவில் ஒரு மூலை, அவ்வளவுதான் கடை. ஆனால் அந்த முனையில் இருந்தால்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருகிற தாய்மார்கள் கண்ணில் கடை படும். ‘‘முதல் உரிமை உங்களுக்குத்தான், வருஷக் கடைசிவரை காத்திருக்கிறேன்’’ என்று உரிமையாளர் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். அதற்குள் முடியாவிட்டால் பக்கத்து பேக்கரிக்காரர் வாங்கி, சுவரை இடித்துத் தன் கடையோடு சேர்த்துக்கொள்வார். பெற்றோர் வீட்டை விற்றதில் அவள் பங்காக ஒரு தொகை வந்திருந்தது. சேமிப்பையும் சேர்த்தால் வருஷக் கடைசியில் கடை அவளுடையது. அதுவரை அந்தத் தொகையை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

தம்பி உடனே வந்து நின்றான். அக்கா பணத்தில் இரண்டு வேன் வாங்கிப் போட்டால் வருஷக் கடைசிக்குள் விற்று, அசலோடு கொஞ்சம் மேலேயும் தருகிறேன் என்றான். பூட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் தம்பி வாயிலிருந்த சிகரெட்டே அணைந்திருக்க வேண்டும். ஹெல்மெட் வாங்கித் தலையில் மாட்டாமல் அதில் ஆணிகளைக் கொட்டி வைத்திருக்கிற பயலிடம் பணத்தைக் கொடுப்பதும் கிணற்றில் போடுவதும் ஒன்று என்றார். தம்பி வழக்கம்போல, ‘‘நீங்க சொன்னா சரி மாமா’’ என்று போய்விட்டான்.

தையல்காரம்மாவுக்கு வங்கியில் போட ஆசை. அதற்கு அவள் சொன்ன காரணம் வங்கிக்காரர்கள் காதில் விழுந்தால் அவர்கள் சந்தோஷப்படுவார்களா என்பது சந்தேகம்தான்.

‘‘நம்ம பணத்தைக் கேட்டாலே அங்க மூஞ்சியச் சுளிக்கிறாங்க பாருங்க. கொடுக்கவே மனசு வராதவன்தான் பத்திரமா வச்சிருப்பான்’’ என்றாள்.

இப்படியும் ஒரு பொருளாதாரம் உண்டா என்று பூட்டுக்காரர் நொந்துகொண்டார். வங்கி கொடுக்கிற வட்டி நூல்கண்டு வாங்கக் காணாது. அவர் மனதில் வேறோர் இடம் இருந்தது. கடைத்தெருவில் புதிதாக வந்த நிதி நிறுவனத்துக்குப் பெட்டகக் கதவு மாட்டிக் கொடுத்தவரே அவர்தான். சாதாரணக் கதவா அது? அவர் தொழிலில் அதற்கு மேல் கதவு கிடையாது. உள்ளங்கை அகலத்துக்குக் கனமான எஃகு, நாலு பக்கமும் பாய்ந்து பிடிக்கிற போல்ட்டுகள், துளைபோட வந்தால் துளைபோடுகிற கருவியே மழுங்கிப் போகும். விலையைச் சொன்னபோது மேனேஜர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. பேரம் பேசாதவன் நேர்மையானவன் என்று பூட்டுக்காரர் அன்றே முடிவு செய்துவிட்டார். அடுத்தவன் காசில் வாங்குகிறவனும் பேரம் பேச மாட்டான் என்பது அவருக்கு ஏனோ தோன்றவில்லை.

மனைவியைக் கையோடு அழைத்துப் போய்க் கதவைக் காட்டினார். மற்ற இடங்களில் பெட்டகம் பின்கட்டில் கண்ணில் படாமல் இருக்கும். இங்கே அதை வரவேற்பறையிலேயே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு போல்ட்டாக விளக்கினார். அவள் கதவைப் பார்க்காமல் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி நாற்காலி நகர்த்தினாள், ஒருத்தி குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தாள், மேனேஜர் தன் அறையிலிருந்து எழுந்தே வந்து வணக்கம் சொன்னார்.

‘‘நமக்கு எதுக்குங்க இவ்வளவு மரியாதை?’’ என்று அவள் புருஷனின் காதில் கேட்டாள்.

மரியாதைக்குக்கூடக் காரணம் கேட்கிற ஜென்மம் என்று அவர் பல்லைக் கடித்தார். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்றார். கதவு கெட்டி, ஆகவே கம்பெனி கெட்டி என்று அவர் போட்டுக்கொண்டிருந்ததும் அதே முடிச்சுதான். கடைசியில் அவள் கையெழுத்துப் போட்டாள். இருபத்துச் சொச்சம் வருஷம் இரும்பிலேயே புழங்கின மனுஷன் சொல்கிறார், தெரியாமலா சொல்வார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவரும் தன் சேமிப்பை வழித்தெடுத்து அதிலேயே போட்டார்.

வட்டி மாதாமாதம் சொன்ன தேதிக்கு வந்தது. இது தெருவில் பரவ எத்தனை நேரமாகும்? கணக்கு டீச்சர் முப்பது வருஷம் கூட்டு வட்டி சொல்லிக்கொடுத்தவர், கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவாரா? ஒரு தாளை எடுத்து, இவ்வளவு வட்டி கொடுக்க இவர்கள் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று போட்டுப் பார்த்தார். கணக்கு உதைத்தது. இன்னொரு முறை போட்டார், மறுபடியும் உதைத்தது. ‘பூட்டுக்காரரே போட்டிருக்காரே’ என்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினார். மருந்துக்கடைக்காரர், காலாவதித் தேதியை மூன்று முறை பார்க்காமல் ஒரு மாத்திரை விற்க மாட்டார். ‘கணக்கு டீச்சரே போட்டிருக்காங்க, கணக்குப் பார்க்காமலா’ என்று அவரும் கட்டினார். பூட்டுக்காரருக்கும் எப்போதாவது லேசாக நெஞ்சில் உறுத்தும். உடனே, படித்தவர்கள் இத்தனை பேர் போட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வார், உறுத்தல் போய்விடும். ஆக, டீச்சருக்கு இவர் சாட்சி, மருந்துக்கடைக்கு டீச்சர் சாட்சி, இவருக்கு அவர்கள் எல்லோரும் சாட்சி.

வருஷம் பாதி தாண்டியதும் கதவைப் பழுது பார்க்கும் நாள் வந்தது. இங்கே அவர் தொழிலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புதுக் கதவின் எண் பூட்டு ‘கம்பெனி நம்பர்’ என்று ஒரு பொது எண்ணோடுதான் வரும். மாட்டி முடித்ததும் வாங்கினவர் மெக்கானிக்கை வெளியே அனுப்பிவிட்டு, தனக்கு மட்டும் தெரிந்த எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு மாட்டினவனாலேயே அதைத் திறக்க முடியாது. பூட்டுக்காரர் அன்று போனபோது மேனேஜர் இல்லை. போனில் கேட்டால், ‘‘நீங்களே திறந்துக்குங்க சார், பழைய நம்பர்தான்’’ என்றார்.

பூட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர்ப் பணத்தை உள்ளே வைத்துக்கொண்டு இப்படியா இருப்பீர்கள், எவனாவது கம்பெனி நம்பர் தெரிந்தவன் வந்தால் என்ன ஆகும் என்று போனிலேயே வகுப்பு எடுத்தார். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘‘உங்களைவிட நம்பிக்கையான ஆள் எங்களுக்கு யாரு சார் இருக்காங்க?’’ என்றது. பூட்டுக்காரர் உருகிவிட்டார். ஏன் மாற்றவில்லை என்ற கேள்வி அந்த உருகலிலேயே கரைந்து போனது. உள்ளே ஏதாவது வைத்திருக்கிறவன் அல்லவா பூட்டைப் பற்றிக் கவலைப்படுவான்? அந்த எண்ணம் அவர் கிட்டே வரக்கூட இல்லை.

கம்பெனி நம்பரைச் சுழற்றிக் கதவைத் திறந்தார். திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவர்கள் தொழிலின் கட்டுப்பாடு. பெட்டகத்தைத் திறக்கலாம், துடைக்கலாம், கிரீஸ் வைக்கலாம், உள்ளே மட்டும் பார்க்கக் கூடாது. பார்த்தவன் மீதுதான் நாளைக்குப் பழி வரும். அப்படி ஒரு நகைக்கடைப் பெட்டகத்தைப் பார்த்துவிட்டுப் பெருமையாக வெளியே சொன்ன ஒருவனை, அந்தக் கடையில் களவு போனபோது போலீஸ் முதலில் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பூட்டுக்காரர் கழுத்தையே பழக்கிவிட்டார். கதவின் விளிம்பு, கீல், போல்ட்டு, இவை தவிர அவர் பார்வை இம்மி நகராது. அன்றும் திறந்த பெட்டகத்தின் முன்னால் உட்கார்ந்து கீலுக்குக் கிரீஸ் வைத்தார், ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்தார், மூடினார். தன் நேர்மையை நினைத்து அவருக்கே சிலிர்த்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தையல்காரம்மா ஆவலாகக் கேட்டாள்.

‘‘திறந்தீங்களா? உள்ள எவ்வளவு இருந்துச்சு?’’

‘‘நான் பார்க்கல. பார்க்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?’’

‘‘மத்தவங்க பணத்தைப் பார்க்க வேணாம். நம்ம பணம் இருக்கான்னு பார்க்கக்கூடவா கூடாது?’’

அவருக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி என்ன பிரயோஜனம், என்னை இவ்வளவுதான் புரிந்துகொண்டாயா என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்ப் படுத்துவிட்டார். தொழில் தர்மம் அன்று வெறும் வயிற்றோடு தூங்கியது.

வருஷக் கடைசி நெருங்கியது. தையல்காரம்மா பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனாள். அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் போனபோது மறுபடி அடுத்த வாரம் என்றார்கள், ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். மூன்றாம் முறை மேனேஜரே கதவைத் திறந்து விட்டு, மழை வருகிற மாதிரி இருக்கிறது, ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்று கேட்டார். மரியாதை ஏற ஏற அவளுக்குச் சந்தேகமும் ஏறியது. புருஷனிடம் சொன்னாள். அவர், ‘‘அந்தக் கதவை ஒரு பய தொட முடியாது, நீ நிம்மதியா இரு’’ என்றார். தம்பி தனக்குத் தெரிந்தவரிடம் கடன் வாங்கி அந்த இரண்டு வேன்களை வாங்கி, நல்ல லாபத்துக்கு விற்று, கடனையும் அடைத்துவிட்டான் என்ற செய்தி அந்த வாரத்தில்தான் வந்தது. அதை இந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை.

கடைக்குக் கெடு முடிகிற நாளன்று காலையில் நிதி நிறுவனம் திறக்கவில்லை. மேனேஜர் போன் அணைந்திருந்தது. நாற்காலி நகர்த்தி, தண்ணீர் கொடுத்த பெண்கள் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள், அவர்களும் அதில்தான் போட்டிருந்தார்கள். ஷட்டரை உடைத்துப் போலீஸ் அதிகாரி உள்ளே போனார். மேஜைகள் துடைத்துவிட்ட மாதிரி காலி. ஆனால் பெட்டகம் மூடியபடியே இருந்தது. அதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு உயிர் வந்தது. கதவுதான் உடையவில்லையே, அப்படியானால் பணம் உள்ளேதானே இருக்க வேண்டும்? மருந்துக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கணக்கு டீச்சர் பக்கத்தில் நின்றவரிடம், அந்தக் கதவின் எஃகு எத்தனை கனம் தெரியுமா என்று பூட்டுக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

கதவைத் திறக்கப் பூட்டுக்காரருக்கே ஆள் அனுப்பினார்கள். மனைவியும் கூட வந்தாள். அதிகாரி எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். அன்று நான் சொன்ன பிறகு எண்ணை மாற்றியிருப்பார்கள், துளை போட்டுத்தான் திறக்க வேண்டும், பொழுது சாய்ந்துவிடும் என்றார் பூட்டுக்காரர். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. டிரில்லை எடுத்து வைத்தார். துளை போடுவதற்கு முன் தெரிந்த எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது முறை. கை சக்கரத்தில் போனபோதுதான் அவருக்கு வேர்த்தது. ஒரு பூட்டு திறக்கக் கூடாதே என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார்.

கம்பெனி நம்பருக்கே திறந்தது. அத்தனை கனமான கதவு, ஒரு விரல் தள்ளலுக்கு முனகாமல் நகர்ந்தது. அவர் வைத்த கிரீஸ் அப்படி. திறந்ததும் பழக்கதோஷம், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி உள்ளே போனார். கூட்டம் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியது. பிறகு எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது.

‘‘நீங்களும் பாருங்க’’ என்றார் அதிகாரி.

பார்த்தார். கால் உடைந்த நாற்காலிகள் இரண்டு, தரை துடைக்கிற துணி, வாளி, காலி அட்டைப்பெட்டிகள். பணம் வைக்கிற தட்டுகளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

அதிகாரி அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்தார். சில மாதம் முன்னால் நீங்கள்தானே இதைத் திறந்து வேலை பார்த்தீர்கள்? ஆமாம். எண் மாற்றவில்லை என்று தெரியும்? தெரியும். அப்போது உள்ளே என்ன இருந்தது?

‘‘பார்க்கல சார்.’’

‘‘திறந்து வச்சு முன்னாடி உட்கார்ந்து வேலை செஞ்சிருக்கீங்க. பார்க்கலங்கறீங்க.’’

‘‘நாங்க உள்ள பார்க்கறதில்ல சார்.’’

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். தன் உத்தியோகத்தில் எத்தனையோ பொய் கேட்டவர், இவ்வளவு மட்டமான பொய்யை அவர் கேட்டதில்லை. கூட்டமும் நம்பவில்லை. நம்பாததோடு நிற்கவில்லை, அவர்கள் முகங்களில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. பூட்டுக்காரர் கூட்டாளியாக இருந்தால்? பங்கு வாங்கியிருந்தால்? திருடன் என்றால் பணம் எங்கேயாவது இருக்கும், உதைத்தால் வரும். முட்டாள் என்றால் எங்கேயும் இருக்காது. இத்தனை வருஷம் பழகின மனுஷன் திருடனாக இருக்க வேண்டுமே என்று அத்தனை பேரும் மனதார ஆசைப்பட்டார்கள். ‘‘நல்லா விசாரிங்க சார், விட்டுடாதீங்க’’ என்று மருந்துக்கடைக்காரர் குரல் கொடுத்தார். கணக்கு டீச்சர் தலையை ஆட்டினார். பூட்டுக்காரருக்கு அதைத் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். அன்று வீட்டுக்கு வந்து உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டார். வாயில் வருகிற எதையும் சொல்ல அவளுக்கு அன்று உரிமை இருந்தது. அவள் கடை போய்விட்டது.

‘‘பார்த்திருக்க மாட்டார் சார்’’ என்றாள். ‘‘நம்ம பணமாவது இருக்கான்னு நான் கேட்டேன். என்கிட்ட கோவிச்சுக்கிட்டு சாப்பிடாமப் படுத்தார். அவருக்குக் கதவு மட்டும்தான் தெரியும்.’’

அவள் சொன்ன விதத்தில் அதிகாரிக்குக்கூட மேலே கேட்கத் தோன்றவில்லை. கூட்டத்தில் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் அணைந்தது. டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பூட்டுக்காரர் நேர்மையானவர் என்று இத்தனை காலம் தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அது சந்தேகமில்லாமல் நிரூபணமானது, யாருக்கும் அது பிடிக்கவில்லை.

தையல்காரம்மா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். முடிந்ததா, இருட்டுவதற்குள் கடையைக் காலி செய்து பேக்கரிக்காரரிடம் சாவி கொடுக்க வேண்டும் என்று அதிகாரியிடம் கேட்டாள். அவர் போகலாம் என்றார். பூட்டுக்காரர் எழுந்து, தானும் வருவதாக, மிஷின்களைத் தூக்கத் துணைக்கு ஆள் வேண்டுமே என்று அவளைப் பார்க்காமலே சொன்னார்.

‘‘தம்பி வேன் கொண்டு வரான். நீங்க கதவை மூடிட்டு வாங்க’’ என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

அவர் திரும்பிப் போய் வாளியையும் துணியையும் உள்ளே சரியாகத் தள்ளி வைத்துவிட்டுக் கதவை மூடினார். நாலு பக்கப் போல்ட்டுகளும் ஒன்றுகூடப் பிசகாமல் போய் உட்கார்ந்தன.